இயற்பியல் படிக்கும் நம் பிள்ளைகளும் இரண்டு மாதக் கோடை விடுமுறையும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த கல்லூரி மாணவர், பெற்றோர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாவை முன்னிட்டு நம் அன்பியப் பொறுப்பாளர்கள் வீடு வீடாகச் சென்று ஒரு கணக்கெடுத்தார்கள். குடும்பங்கள், ஞானஸ்நானங்கள், படகுகள், பட்டதாரிகள் என்று எல்லாம் அதில் வந்தது. அந்தத் தாள்களை அடுக்கி வைத்துப் பார்த்தபோது ஒரு செய்தி நம் கண்ணில் பட்டது. கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளில் கணிசமான பேர் இளங்கலை இயற்பியல் படிக்கிறார்கள். அவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம். ஏன் இந்தப் பாடத்தை எடுத்தாய் என்று கேட்டால், ஆசைப்பட்டு எடுத்தோம் என்று சொல்பவர்கள் சிலரே. பொறியியலுக்குப் பணம் கட்ட வழியில்லை, நர்சிங்குக்கு இடம் கிடைக்கவில்லை, இது கிடைத்தது என்பதுதான் பலருடைய பதில்.

அதோடு, தகப்பன்மார் நம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சாமி, இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" ஊரில் இதற்கு ஒரே பதில்தான் புழக்கத்தில் இருக்கிறது. பி.எட். முடித்தால் வாத்தியார் வேலை, அதுவும் கிடைத்தால். அந்தப் பதில் பொய்யல்ல. ஆனால் அது பாதிக்கும் குறைவானது. மீதியைச் சொல்லத்தான் இன்று உங்களை அழைத்தோம்.

முதலில் ஒன்று. இயற்பியல் எங்கோ வெள்ளைக்காரன் நாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். இந்தத் துறைக்கும் நம் கரைக்கும் உள்ள உறவு மிக நெருக்கமானது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா நம்மைப் போன்ற மீனவர் ஊர். 1962-இல் டாக்டர் விக்ரம் சாராபாயும் அவருடைய தோழர்களும் ராக்கெட் ஏவ இடம் தேடியபோது அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கடற்கரை மட்டுமல்ல. பூமியின் காந்த நடுக்கோடு அந்த ஊரை ஒட்டிச் சென்றது. அந்தக் கோட்டுக்கு மேலே, சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஆறு போல ஓடுகிறது. அதை ஆராய உலகத்தில் இதைவிடத் தோதான இடங்கள் குறைவு. அங்கே இருந்ததோ மகதலா மரியாள் ஆலயமும் மேற்றிராணியார் இல்லமும் மீனவர் குடிசைகளும். மேற்றிராணியார் பீட்டர் பெர்னார்டு பெரைரா ஆண்டகை ஆலயத்தை விஞ்ஞானிகளுக்கு விட்டுக்கொடுத்தார். ஆலயமே முதல் அலுவலகமாயிற்று. அங்கேதான் ராக்கெட்டின் பாகங்களைப் பூட்டினார்கள். 1963 நவம்பர் 21-ஆம் நாள் முதல் ராக்கெட் அந்த மணலிலிருந்து எழும்பியது. மீனவக் குடும்பங்கள் வேறிடம் பெயர்ந்தன. இன்று அந்த ஆலயம் விண்வெளி அருங்காட்சியகம்.

அந்த ஆலயத்தில் அமர்ந்து வேலை செய்த இளைஞர்களில் ஒருவர் அப்துல் கலாம். அவர் திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில், இயேசு சபைக் குருக்களின் கல்லூரியில், இயற்பியல் படித்து 1954-இல் பட்டம் பெற்றவர். இராமேசுவரத்துக் கடற்கரைப் பிள்ளை. இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. நிலத்தைக் கொடுத்தவர்கள் நம் சனங்கள். அந்த நிலத்தில் எழும்பிய ஆராய்ச்சிக் கூடத்துக்குள் நம் சனங்களின் பிள்ளைகள் எத்தனை பேர் விஞ்ஞானிகளாக நுழைந்தார்கள் என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் எண்ணிப் பாருங்கள்.

இன்னும் நெருங்கி வருவோம். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். அதில் தோரியம் இருக்கிறது. அது கதிர் வீசுகிறது. கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் உலை முதலாவது 2014 டிசம்பரில் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு முன்பு 2011-லும் 2012-லும் இடிந்தகரை லூர்து மாதா ஆலயத் திடலில் நடந்த போராட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. அணு உலை வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கைத் தீர்க்க நாம் இங்கே வரவில்லை. ஆனால் அந்த நாட்களில் அரசு அனுப்பிய நிபுணர்கள் ஒன்று சொன்னார்கள், எதிர்த்து நின்ற நிபுணர்கள் வேறொன்று சொன்னார்கள். இருவருமே வெளியூர்க்காரர்கள். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அறிக்கையைப் புரட்டி, 'இந்தக் கணக்கு சரி, இந்தக் கணக்கு சரியில்லை' என்று சொல்ல இந்தக் கரையில் பிறந்த பிள்ளை ஒன்று வேண்டாமா?

ஒக்கிப் புயலைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 2017 நவம்பர் கடைசியில் நம் கரையின் வீடுகளில் விழுந்த அழுகுரல் இன்னும் அடங்கவில்லை. முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கரையிலிருந்து எட்டாத தூரத்துக்குச் செய்தி அனுப்புவது எப்படி என்பது முழுக்க முழுக்க இயற்பியல் கேள்வி. அதற்குப் பிறகு 2019-இல் ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையத்தார் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் 'ஜெமினி' என்ற சிறு கருவியை வெளியிட்டார்கள். அதே மையத்தில்தான் 2004 சுனாமிக்குப் பின், 2007-இல், சுனாமி எச்சரிக்கை நிலையமும் தொடங்கப்பட்டது. அலையின் உயரத்தையும் காற்றின் போக்கையும் அங்கே உட்கார்ந்து கணக்கிடுகிறவர்கள் படித்ததும் இயற்பியல், கணிதம், கடலியல் போன்ற பாடங்கள்தான். கடலை அறிந்தவன் ஒருவன் அந்த மேசையில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சரி, இப்போது கோடை விடுமுறைக்கு வருவோம்.

மே மாதம் தேர்வு முடிந்ததும் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பையன்கள் சிலர் வள்ளத்தில் ஏறுகிறார்கள், சிலர் நாகர்கோவிலில் துணிக்கடையில் நிற்கிறார்கள். பெண் பிள்ளைகள் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த வருமானமும் உழைப்பும் நமக்குத் தேவைதான். குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் ஒரு வாழ்க்கையே திரும்பிய கதை உண்டு.

1928-ஆம் ஆண்டுக் கோடை. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பையன் ஒருவன் கல்கத்தாவுக்குப் போனான். அங்கே அவன் சிற்றப்பா சர் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடம். ராமன் விளைவு அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. கூடமே கொதித்துக்கொண்டிருந்த நேரம். பையனுக்குச் சோதனைக் கருவிகள் கைவரவில்லை. அவன் மனம் கணக்கில் இருந்தது. அந்த ஆண்டிலேயே நட்சத்திரங்களின் உட்பகுதியைப் பற்றிய அவனுடைய முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அவன்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-இல் கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும் வழியிலேயே, ஒரு வெண்குள்ள நட்சத்திரம் எவ்வளவு கனம்வரை தாங்கும் என்ற கணக்கைப் போட்டார். 1983-இல் நோபல் பரிசு வாங்கினார்.

'அவருக்குச் சிற்றப்பா இருந்தார் சாமி, நமக்கு யார் இருக்கிறார்கள்' என்று நீங்கள் கேட்பது நியாயம். இன்று அந்தச் சிற்றப்பாவின் இடத்தில் சில நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் நம் வறுமை.

எல்லாவற்றிலும் முதலாவதாகச் சொல்ல வேண்டியது மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி உதவித் திட்டம். பெங்களூரில் ராமன் 1934-இல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம், டெல்லியிலுள்ள தேசிய அறிவியல் கழகம், அலகாபாத்தில் மேகநாத சாகா தொடங்கிய கழகம், இவை மூன்றும் சேர்ந்து மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, நாட்டின் பல ஆய்வுக்கூடங்களுக்கு இரண்டு மாதம் அனுப்புகின்றன. போகிற பிள்ளைக்கு உதவித்தொகையும் ரயில் கட்டணமும் கிடைக்கும். அறிவிப்பு வருவது கோடையில் அல்ல. முந்தைய ஆண்டின் அக்டோபர், நவம்பர் வாக்கில் வந்துவிடும். இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறோம். ஏப்ரல் மாதம் கல்லூரி அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு 'எங்கேயாவது போகலாமா சாமி' என்று வருபவர்களுக்கு நம்மால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. கோடைக்கு விதை ஐப்பசி மழையில் போட வேண்டும்.

முதலாண்டு மாணவர்களுக்கு மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 2004 முதல் நடத்திவரும் தேசியத் திட்டம் ஒன்று உண்டு. முகாமுக்கு அழைத்துப் பாடம் நடத்தி, திறமை காட்டுபவர்களுக்கு ஆய்வு வேலையும் தருகிறார்கள். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூர் ஜவகர்லால் நேரு ஆய்வு மையம், புனேயிலுள்ள வானியல் மையம், சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் ஆகியவையும் கோடையில் மாணவர்களை ஏற்கின்றன. எந்த ஆண்டு மாணவருக்கு எந்தத் திட்டம் என்பது ஒவ்வொன்றிலும் வேறுபடும். சிலவற்றில் முதுகலை மாணவரை மட்டும் எடுப்பார்கள். அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வெகுதூரம் போக வேண்டாம் என்பவர்களுக்கு நம் பக்கத்திலேயே இடங்கள் உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் அமைந்தது. நூறாண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். 1909-இல் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளியே பாய்வதை அங்கேதான் கண்டுபிடித்தார். செண்பகனூர் குருமடத்துக்குத் தியானத்துக்குப் போகும் நாம் அந்த மலையின் உச்சிக்கு ஒருநாளாவது போய்ப் பார்க்க வேண்டாமா? ஜவ்வாது மலையில் காவலூரில் இரண்டேகால் மீட்டருக்கு மேல் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. தும்பாவைப் பற்றிச் சொன்னபோது குறிப்பிட்ட அந்த ஆகாய மின்னோட்டத்தை அங்கேயும் அளக்கிறார்கள். இத்தகைய இடங்களுக்குக் கல்லூரித் துறைத்தலைவர் வழியாகக் கடிதம் எழுதிக் கேட்கலாம். கேட்டால் பத்தில் ஒருவராவது பதில் போடுவார்.

விண்ணப்பத்தில் பிள்ளைகள் சறுக்குவது மதிப்பெண்ணில் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படியில்லை. 'ஏன் இந்த ஆய்வுக்கு வர விரும்புகிறாய்' என்ற கேள்விக்கு அரைப்பக்கம் எழுதச் சொல்வார்கள். நம் பிள்ளைகள் அங்கே, 'சிறுவயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம்' என்று எழுதுகிறார்கள். அதைப் படித்துப் படித்து அங்குள்ள பேராசிரியர்களுக்கு அலுத்திருக்கும். உன் தகப்பன் மீன் தேடும் கருவி வைத்திருக்கிறார். அது ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கி ஆழத்தைக் காட்டுகிறது. ஒலி தண்ணீரில் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் போகிறது. தண்ணீரின் வெப்பமும் உப்பும் மாறினால் அந்த வேகமும் மாறுகிறது. அப்படியென்றால் கருவி காட்டும் ஆழத்தில் எவ்வளவு பிழை வரும்? இதைக் கேட்டு எழுது. அந்தக் கேள்வி உனக்குச் சொந்தமானது, பட்டணத்துப் பிள்ளைக்கு எளிதில் தோன்றாதது.

ஆசிரியர் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். கடைசி நாள் மாலையில் போய் நின்றால் எந்த ஆசிரியரும் நல்ல கடிதம் தரமாட்டார். வகுப்பு முடிந்ததும் நின்று ஒரு கேள்வி கேட்கும் வழக்கத்தை இப்போதே தொடங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. கோடைப் பயிற்சி, சான்றிதழ் உறுதி என்று விளம்பரம் செய்து ஐயாயிரம், பத்தாயிரம் வாங்கும் கடைகள் பெருகியிருக்கின்றன. நம் பங்கின் பிள்ளைகள் இருவர் ஒரு மாதம் போய், மற்றவர் எழுதி வைத்ததைத் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டு, பளபளப்பான சான்றிதழோடு வந்தார்கள். அந்தத் தாளுக்கு எந்த ஆய்வுக்கூடத்திலும் மதிப்பில்லை. நாம் மேலே சொன்ன கோடைத் திட்டங்கள் பயிற்சிக்கென்று ஆயிரக்கணக்கில் உங்களிடம் வாங்குபவை அல்ல. கப்பல் வேலைக்கு ஆளெடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு கரைக்கு வரும் முகவர்களுக்கும் இதே அளவுகோலை வையுங்கள்.

திருச்சபையின் வீட்டிலும் ஒரு கோடைப் பள்ளி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1891-இல் புதுப்பித்து நிறுவிய வத்திக்கான் வானியல் ஆய்வகம், காஸ்தல் கந்தோல்போ என்ற ஊரில் இருக்கிறது. 1986 முதல் அங்கே கோடைப் பள்ளி நடக்கிறது. பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு மாதம். உலகம் முழுவதிலுமிருந்து இருபத்தைந்து பேர் அளவில் எடுக்கிறார்கள். கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கல்விக் கட்டணமும் இல்லை. பட்டப்படிப்பின் மேல் வகுப்பினரும் முதுகலை தொடங்கியவர்களும் விண்ணப்பிக்கலாம். 2025 ஜூனில் அந்த மாணவர்களைப் பாப்பரசர் 14-ஆம் சிங்கராயர் நேரில் சந்தித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஆய்வகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் அருட்தந்தை ரிச்சர்டு டிசூசா, நம் கோவாவைச் சேர்ந்த இயேசு சபைக் குரு. அண்டம் விரிந்துகொண்டே போகிறது என்பதை 1927-இலேயே கணக்கிட்டு எழுதிய ஜார்ஜ் லெமேத்ர் என்ற பெல்ஜியக் குருவைப் பற்றிக் குருமடத்தில் படித்திருக்கிறோம். விசுவாசம் போய்விடும் என்று பயந்து பிள்ளைகளை அறிவியலிலிருந்து இழுத்துப் பிடிக்கும் தாய்மார்கள் இன்னும் சிலர் இருப்பதால் இதைச் சொல்கிறோம்.

இனி வேலைக்கு வருவோம். இதில் ஒளிவுமறைவு வேண்டாம். மூன்றாண்டு இயற்பியல் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு இயற்பியல் சார்ந்த வேலை கிடைப்பது அரிது. சில கதவுகள் உண்டு. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பணிக்கு இயற்பியலும் கணிதமும் சேர்ந்த பி.எஸ்ஸி. போதும், அண்மை அறிவிப்புகளில் வயது வரம்பு 27. விமான நிலையங்களின் ஆணையம் தேர்வு நடத்துகிறது. நல்ல சம்பளமும் பெரும் பொறுப்பும் உள்ள வேலை. நம் ஊரில் யாரும் இதற்கு விண்ணப்பித்ததாக நாம் கேள்விப்படவில்லை. 1875 முதல் இருந்துவரும் வானிலைத் துறையில் அறிவியல் உதவியாளர் பணிக்கும் இயற்பியல் ஒரு பாடமாக இருந்த பட்டம் தகுதிதான். பணியாளர் தேர்வு ஆணையம் எப்போதாவதுதான் அறிவிப்பு விடும், அதற்குக் காத்திருக்க வேண்டும். வங்கி, கணிப்பொறி, அரசுத் தேர்வுகள் எல்லாப் பட்டதாரிகளுக்கும் பொது. அவற்றைப் பற்றி நாம் நீட்ட வேண்டியதில்லை.

மேலே படித்தால் பாதை அகலும். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் அறிவியல் நிறுவனமும் சேர்ந்து ஜாம் என்ற நுழைவுத் தேர்வை ஒவ்வொரு பிப்ரவரியிலும் நடத்துகின்றன. மூன்று மணி நேரம், அறுபது கேள்விகள், நூறு மதிப்பெண். மனப்பாடம் அங்கே உதவாது. தேறினால் ஐ.ஐ.டி.யில் முதுகலை படிக்கலாம். பெங்களூரில் முதுகலையும் முனைவர் பட்டமும் சேர்ந்த படிப்பில் சேரலாம். பதிவு முந்தைய ஆண்டு செப்டம்பர் வாக்கில் தொடங்கிவிடும். திருவாரூர், புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குத் தனித் தேர்வு. முதுகலைக்குப் பின் நெட் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் கிடைக்கும். 2023 தொடக்கத்திலிருந்து இதுதான் விகிதம். அதாவது படிக்கிற பிள்ளைக்கு நாம் பணம் அனுப்புவதற்குப் பதில் அந்தப் பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் காலம் அது. பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் பயிற்சிப் பள்ளி 1957 முதல் முதுகலை இயற்பியல் படித்தவர்களை எடுத்து, ஓராண்டு உதவித்தொகையோடு பயிற்றுவித்து, விஞ்ஞானி வேலை தருகிறது. அந்தப் பள்ளியின் கிளை கல்பாக்கத்திலும் உண்டு.

மருத்துவ இயற்பியல் என்ற துறையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேச விரும்புகிறோம். நம் பங்கில் புற்றுநோய் வந்தவர்களைத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குக் கொண்டு போகிறோம். நோயில் பூசுதல் கொடுக்கப் போகும்போது அந்தக் கதிர்வீச்சுக் கூடத்தின் வாசலில் எத்தனையோ முறை காத்து நின்றிருக்கிறோம். உள்ளே வைத்தியர் 'இவ்வளவு கதிர் கொடுக்க வேண்டும்' என்று தீர்மானிக்கிறார். பெரும்பாலும் ஒருநாளைக்கு இரண்டு கிரே என்ற கணக்கில் ஐந்தாறு வாரம். ஆனால் அந்தக் கதிர் எந்தத் திசையிலிருந்து, எந்த அகலத்தில், எவ்வளவு நேரம் பாய்ந்தால் கட்டி மட்டும் கருகி, பக்கத்திலிருக்கும் தண்டுவடமும் நுரையீரலும் தப்பும் என்று கணக்கிடுபவர் வைத்தியர் அல்லர், மருத்துவ இயற்பியலாளர். காலையில் முதல் நோயாளி வருமுன் இயந்திரம் சரியான அளவு கதிர் வீசுகிறதா என்று அளந்து பார்ப்பவரும் அவர்தான். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி அத்தகையவர் இல்லாமல் கதிர்வீச்சுச் சிகிச்சை நிலையம் நடத்தக் கூடாது. வழி இதுதான்: முதுகலை இயற்பியல் முடித்துப் பின் கதிரியல் இயற்பியலில் பட்டயம், அல்லது நேரே மருத்துவ இயற்பியலில் முதுகலை; அதன்பின் மருத்துவமனையில் ஓராண்டுப் பயிற்சி. அண்ணா பல்கலைக்கழகத்தில் அந்த முதுகலைப் படிப்பு உண்டு. நர்சிங்குக்கு இடம் கிடைக்காமல் இயற்பியலுக்கு வந்த பிள்ளைகளே, நோயாளியின் படுக்கைக்குப் போக உங்களுக்கு இப்படியும் ஒரு வாசல் இருக்கிறது.

ஆசிரியப் பணியை விரும்பிப் போகிறவர்களைத் தடுக்க மாட்டோம். நம் மேல்நிலைப் பள்ளிக்கு நல்ல இயற்பியல் ஆசிரியர் கிடைத்த ஆண்டுகளையும் கிடைக்காத ஆண்டுகளையும் ஒப்பிட்டால் அதன் அருமை தெரியும். வேறு கதி இல்லை என்று போகாமல் இருந்தால் சரி. வீட்டு நிலைமையால் உடனே ஒரு வேலையில் சேர வேண்டியவர்களும் கலங்க வேண்டாம். ராமன் 1907-இல் கல்கத்தாவில் அரசாங்கக் கணக்குத் துறையில் சேர்ந்தார். பத்தாண்டுக் காலம் காலையிலும் மாலையிலும் ஆய்வுக்கூடம், நடுவில் அலுவலகம் என்று ஓட்டினார். 1917-இல்தான் பேராசிரியரானார்.

ஆங்கிலம் தடை என்று பலர் சொன்னீர்கள். தடைதான். ஜாம் வினாத்தாள் ஆங்கிலத்தில்தான் வரும். ஆனால் இயற்பியலுக்கு வேண்டிய ஆங்கிலம் கொஞ்சம். ஐந்நூறு, அறுநூறு சொற்களுக்குள் அடங்கும் என்பது நம் மதிப்பு. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலகிருஷ்ணன் நடத்திய பாடங்களைக் கட்டணமில்லாமல் கைப்பேசியிலேயே கேட்கலாம். அமெரிக்க விஞ்ஞானி ஃபைன்மனின் விரிவுரை நூல்கள் 2013 முதல் இணையத்தில் இலவசம். இயற்பியல் ஆசிரியர் சங்கம் பட்டப்படிப்பு மாணவர்களுக்கென்று ஜனவரியில் ஒரு தேசியத் தேர்வு நடத்துகிறது. பரிசுக்காக இல்லாவிட்டாலும் தன்னை அளந்து பார்க்க அதை எழுதலாம்.

இனிப் பெற்றோரிடம் ஒரு சொல். சென்ற ஆண்டு நம் பங்கின் பெண் பிள்ளை ஒருத்திக்கு வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் இரண்டு மாதக் கோடைப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. தகப்பனுக்குச் சம்மதம். தாய் நம்மிடம் வந்து, "பொம்பளப் பிள்ளைய ரெண்டு மாசம் ஒத்தையில எப்படி சாமி அனுப்ப?" என்று கண்ணீர் விட்டார். அந்தத் தாயின் பயத்தை நாம் இலேசாக எண்ணவில்லை. அந்த ஊரில் கன்னியர் நடத்தும் விடுதி ஒன்றில் இடம் பேசினோம். ஆனால் ஊர்ப் பேச்சு முந்திக்கொண்டது. பிள்ளை போகவில்லை. அந்த இடம் வேறு யாருக்கோ போயிற்று. அவள் இப்போது மூன்றாம் ஆண்டு. இந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறாள். ஜாம் தேர்வுக்குப் பதிவு செய்திருக்கிறாள். ஊர்ப் பேச்சை வளர்த்தவர்களும் இங்கேதான் இருக்கிறீர்கள். கல்யாண வீட்டுக்கு மூன்று பேருந்து மாறிப் போகத் துணிகிற நாம், அரசாங்க ஆய்வுக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்ப ஏன் தயங்க வேண்டும்? தேவையானால் முதல் பயணத்தில் தாயும் கூடப் போகட்டும். மறைமாவட்டங்கள் தோறும் துறவறச் சபைகளின் விடுதிகள் இருக்கின்றன. கடிதம் எழுதுவது நம் பொறுப்பு.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுவோம். கோடை உதவித்தொகை பிள்ளையின் கைக்கு வருவது போய்ச் சேர்ந்த பிறகுதான். முதல் ரயில் செலவுக்கும் விடுதி முன்பணத்துக்கும் நல்ல ஒரு சோடி செருப்புக்கும் முன்கூட்டியே பணம் வேண்டும். இந்த இடத்தில்தான் பல விண்ணப்பங்கள் வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. பொன்விழா நினைவாக ஆலய முகப்பில் அலங்கார வளைவு கட்டப் பங்குப் பேரவை தீர்மானித்திருக்கிறது. நன்கொடையும் வந்துகொண்டிருக்கிறது. வளைவு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதன் உயரத்தைச் சற்றுக் குறைத்து, மிச்சமாகும் தொகையை வங்கியில் போட்டு, ஆண்டுதோறும் இரண்டு மூன்று பிள்ளைகளின் கோடைப் பயணத்துக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்கிறோம். அடுத்த மாதப் பேரவைக் கூட்டத்தில் இது பேசப்படும். வின்சென்ட் தே பவுல் சபையார் கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எதிர்த்துப் பேச விரும்புபவர்களும் தவறாமல் வர வேண்டும்.

அக்டோபர் முதல் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் மாதா மண்டபத்தில் கணிப்பொறி வைத்து இந்தத் திட்டங்களின் அறிவிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டப் போகிறோம். கல்லூரியில் பாடம் நடத்தும் நம் பங்கு ஆசிரியர்கள் இருவர் உடனிருப்பார்கள். முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்கள் மதிப்பெண் பட்டியலின் நகலையும், தனக்குச் சொந்தமான கேள்வி ஒன்றை எழுதிய அரைப்பக்கத் தாளையும் கொண்டு வாருங்கள். தாய்மார்களும் வரலாம், தேநீர் உண்டு.